மாடு படுத்தால் சம்மதம்

லாரி வந்ததும் போடிநாயக்கனூரில் பொதிமாடு வைத்திருந்தவர்கள் எல்லோரும் மாட்டை விற்றார்கள். சத்தியநேசன் வாங்கினார்.

அவர் எப்படி இவ்வளவு பெரிய ஆளானார் என்று வெளியூர் வியாபாரி யாராவது ஏலக்காய்க் கடைகளில் விசாரித்தால், பதில் அந்த இரண்டு வாக்கியங்களோடு முடிந்துவிடும். அதற்கு மேல் சொல்ல ஊர்க்காரர்களுக்கு விருப்பமில்லை.

லாரிக்கு முந்திய காலத்தில் மலைத்தோட்டங்களின் ஏலக்காய் மாடுகளின் முதுகில்தான் இறங்கியது. இருபுறமும் மூட்டை தொங்க, பொதிமாடுகள் போடிமெட்டிலிருந்து வரிசையாக வரும். சத்தியநேசனும் அப்படியொரு வரிசையின் பின்னால் நடந்தவர்தான். சாத்தான்குளத்துக்குத் தெற்கே, செம்மணல் தேரியில் பிறந்தவர். மழை தொடர்ந்து பொய்த்த காலத்தில், புதிதாகக் கல்யாணம் செய்திருந்த ஜெயபாக்கியத்தையும் நாலு மாடுகளையும் கூட்டிக்கொண்டு வடக்கே நடந்தார். திருவில்லிபுத்தூர், உசிலம்பட்டி, ஆண்டிபட்டி என்று வழியெல்லாம் வேலை கேட்டு, பொதிக்கு மாடு தேவைப்பட்ட போடியில் வந்து நின்றார். வண்டிப்பேட்டைக்குள் வெளியூர் மாட்டுக்கு இடமில்லை என்றார்கள். முதல் மழைக்காலத்தைக் கணவனும் மனைவியும் மாடுகளும் பேட்டைக்குப் பின்னால் ஒரு புளியமரத்தடியில் கழித்தார்கள்.

யுத்தம் முடிந்து பட்டாளத்து லாரிகள் விலைக்கு வந்தன. ஒரே நடையில் ஒரு லாரி ஏற்றிய மூட்டைகளைப் பார்த்துப் பொதிமாட்டுக்காரர்கள் அரண்டுபோனார்கள். கிடைத்த விலைக்கு மாட்டைத் தள்ளினார்கள். சத்தியநேசன் தன் சேமிப்பு முழுவதையும் போட்டு அவற்றை வாங்கினார். கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று கேட்டவர்களிடம் அவர் சொன்ன பதில் பிறகு பல வருடம் கடைத்தெருவில் புழங்கியது.

"லாரி சாணி போடாதுல்லா?"

மலையில் ஏலத்தோட்டங்களுக்கு எரு வேண்டும். கீழே வாழைக்கும் தென்னைக்கும் பருத்திக்கும் எரு வேண்டும். மந்தையை இரவில் வயலில் அடைத்துப்போட்டு நிலத்துக்கு உரமேற்றுவதைக் கிடை என்பார்கள். கிடைக்குக் கிடைத்த கூலியை அவர் நிலமாக மாற்றினார். தேவாரம் பக்கம் யானை இறங்கி அழிக்கிறது என்று மற்றவர்கள் கைவிட்ட அடிவார நிலங்களை வாங்கி, பயிர் வைக்காமல் புல்லாகவே விட்டார். புல்லைத் தின்ன வரும் யானையோடு அவருக்குப் பெரிய சண்டை எதுவும் இருக்கவில்லை. ஐம்பத்தேழாம் வருடம் பிறந்தபோது அவரிடம் அறுநூறுக்குக் குறையாத மலைமாடுகள் இருந்தன. அடிவாரத்தில் அவரைவிட அதிக நிலம் வைத்திருந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

இல்லாதது கோடைக்குத் தண்ணீர்.

மாசி பிறந்தால் மந்தை மலையேறி, முகட்டுக்கு அந்தப்புறம் ஒரு மலையாளத் தோட்டக்காரரின் புல்மேட்டில் வைகாசி வரை மேயும். வருடா வருடம் நடந்துவந்த ஏற்பாடு. முந்தைய ஐப்பசியில் மாநிலங்களைத் திருத்தி அமைத்தார்கள். புல்மேடு கேரளத்துக்குள் போய்விட்டது. "இப்போ அது புதிய ஸ்டேட்டாணு நேசா. ரூல் வரட்டே, பின்னெ நோக்காம்" என்று தோட்டக்காரர் கைவிரித்துவிட்டார். கீழேயே வற்றாத தண்ணீர் கிடைக்காவிட்டால் கோடைக்கு முன்னால் பாதி மந்தையைச் சந்தைக்கு ஓட்ட வேண்டும். எல்லோரும் விற்கும் நேரத்தில் விற்பவனின் கதி என்ன என்பது, ஒருமுறை எல்லோரிடமும் வாங்கியவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ராசிங்காபுரத்துக்கு மேற்கே, மலை தொடங்கும் இடத்தில், ஊத்துக்கரைப் புஞ்சை இருந்தது. பாறையிடுக்கிலிருந்து வரும் ஊற்று அக்கினி நட்சத்திரத்திலும் நிற்காது. ஊற்றுக்கு மேலே நெஞ்சளவு கற்சுவர் வைத்த பழைய தொழு, நூறு மாடுகளை அடைக்கலாம். நிலத்துக்குச் சொந்தக்காரர் அன்னக்கொடி. புருஷன் இறந்தபின் பருத்தியும் கடலையும் தானே நின்று பார்க்கிறவர். ஊரையொட்டிய வயலில் கிணறு வெட்டி மின்சார மோட்டார் வைக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். அதற்காக மலையோர நிலத்தை விற்க முன்வந்திருந்தார்.

சத்தியநேசன் ஜீப்பில் போய் இறங்கியபோது அன்னக்கொடி களத்தில் பருத்திக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று கூலிப்பெண்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தார். அவருடைய கொழுந்தன் ராஜாராம் பருத்தி அடைத்த சாக்குத் தாட்டு ஒன்றின்மேல் சாய்ந்து கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். அந்த நிலத்தில் ராஜாராமுக்கும் கண் உண்டு. தவணையில் வாங்கி, தொழுவை இடித்துப் பருத்தி போடலாம் என்று மதினியிடம் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வெலை எனக்குச் சம்மதந்தேண்ணே," என்றார் அன்னக்கொடி. "மண்ணும் சம்மதிக்கணும்ல."

"மண்ணுகிட்ட நான் எப்பிடித் தாயி பேச?"

"நீங்க பேச வேணாம். மாடு பேசும்."

அன்னக்கொடி வாழ்க்கைப்பட்ட வகையறாவில் தொழு உள்ள நிலத்தைக் கைமாற்றுவதற்கு ஒரு முறை இருந்தது. வாங்குகிறவருடைய மாடுகளை அந்தத் தொழுவில் மூன்று இரவு அடைக்க வேண்டும். ஓர் இரவாவது மந்தை படுத்துத் தூங்கினால் மண் சம்மதித்துவிட்டது என்று பொருள். மூன்று இரவும் நின்றுகொண்டே இருந்தால் பேச்சு முறிந்தது. இரவில் தொழுவுக்குள் ஆள் இருக்கக்கூடாது. முதல் நாள் நுழைந்த மந்தையில் மாடு மாற்றக்கூடாது, கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. விடிந்ததும் வீட்டுப் பெண்ணும் பங்காளி ஒருவரும் வந்து பார்ப்பார்கள்.

"மாட்டுக்காரரே, இப்பவே சொல்லிப்புட்டேன்," என்றார் ராஜாராம். "எங்க பாட்டன் காலத்துல கோம்பைக்காரர் ஒருத்தரு மந்தைய கொண்டாந்து அடைச்சாரு. மூணு ராத்திரியும் ஒரு மாடு முட்டி மடக்கலையே. வந்த வழியே ஓட்டிக்கிட்டுப் போயிட்டாரு."

"அவரு மாடு நின்னுருக்கும் தம்பி. எம்மாடு படுக்கும்லா."

"படுக்கும்லா!" என்று ராஜாராம் கடைசி எழுத்தை இழுத்துச் சொல்லிக் காட்டினார். பருத்தி பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். போடிக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும் சத்தியநேசனின் பேச்சு சாத்தான்குளத்தை விட்டு நகரவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார். மாடு விஷயத்தில் தன்னை யாரும் தோற்கடிக்க முடியாது என்று நம்பியதால் சிரிப்பது எளிதாக இருந்தது.

அடுத்த நாள் மதுரையிலிருந்து ரயிலில் ஒரு மரப்பெட்டி வந்தது. ஜெயபாக்கியம் அடுக்களையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். பெட்டி நிறைய வெண்கல மணிகள். தொழுவில் அடைக்க எண்பது மாடுகளைத் தேர்ந்தெடுத்திருந்தார் சத்தியநேசன்; எண்பதுக்கும் மணி.

"எதுக்கு இவ்வளவு மணி? மாட்டுக்கா, மாட்டுக்காரருக்கா?"

"ரெண்டு பேருக்குந்தான்."

"நாலு மாட்டோட வந்தப்ப கழுத்துல ஒரு சலங்கை கூடக் கெடையாது. அப்பவும் ஊருக்குள்ள வந்துட்டோம்லா?"

"எங்க வந்தோம் பாக்கியம்? பேட்டைக்குப் பின்னால வந்தோம். நாளைக்கு ராசிங்காபுரம் நடுத்தெரு வழியா போறேன். ஒரு பய திரும்பிப் பாக்காம இருக்கக்கூடாது."

"நீங்க மாட்ட நம்புதியளா, மணிய நம்புதியளா?"

அவர் ஒரு மணியை எடுத்து வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

மந்தையின் தலைமை மேய்ப்பர் காசிமாயனுக்கு மணிகள் மிகவும் பிடித்துப்போயின. "மாப்பிள்ளை ஊர்வலங் கணக்கால்ல இருக்கு மொதலாளி!" என்று ஒவ்வொரு கழுத்தாகக் கட்டினார். மயிலை என்ற வயதான மாட்டின் கழுத்தில் வருடக்கணக்காகக் கிடந்த மரத்தட்டையைக் கழற்றிவிட்டு, அங்கே இருப்பதிலேயே பெரிய மணியைச் சத்தியநேசனே கட்டினார். தட்டை என்பது மரத்தைக் குடைந்து செய்த மணி. பார்க்க அழகாக இருக்காது, சத்தமும் டொக்கென்று இருக்கும்.

மறுநாள் மாலையில் மந்தை நடுத்தெருவில் நுழைந்தபோது பெட்டிக்கடை வானொலி கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துச் சுவர்மேல் பிள்ளைகள் ஏறி நின்றார்கள். மந்தைக்குப் பின்னால் வெள்ளை வேட்டி சட்டையில் சத்தியநேசன் நடந்தார். ஜீப்பு வேண்டாம் என்று சொல்லியிருந்தார். இருட்டுவதற்கு முன் மாடுகள் தொழுவுக்குள் போய்விட்டன. அன்னக்கொடி படல் கதவைச் சாத்திக் கட்டினார். எல்லோரும் ஊருக்குத் திரும்பினார்கள்.

தை மாதத்துப் பனி மலையடிவாரத்தில் மழை பெய்ததுபோல் நனைத்துவிடும். மாடு படுத்த இடத்தில் மட்டும் பனி இறங்காது. மாடு எழுந்ததும் அந்த இடம் பாய் விரித்ததுபோல் உலர்ந்து கிடக்கும். மந்தை தூங்கியதா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

காலையில் படலைத் திறந்தபோது தொழு முழுக்க நனைந்திருந்தது. உலர்ந்த இடம் ஒரு சாண் இல்லை. சாணி குவியலாக விழாமல் எங்கும் மிதிபட்டுச் சிதறியிருந்தது. அன்னக்கொடி ஒரு மாட்டின் விலாவைத் தடவிப் பார்த்தார். உள்ளங்கை ஈரமானது. முட்டியில் மண் ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். ஒட்டவில்லை.

"புது எடம்," என்றார் சத்தியநேசன். "இன்னைக்குப் படுக்கும்."

"புது எடந்தேன்," என்றார் ராஜாராம். "மாட்டுக்கும் புதுசு, ஆளுக்கும் புதுசு."

இரண்டாம் நாள் காலையிலும் பனி ஒரே சீராக இறங்கியிருந்தது. மாடுகளின் கண்கள் சிவந்திருந்தன. மயிலை தலையைத் தொங்கப்போட்டு, கால்களை அகட்டி, படலுக்கு நேரே நின்றது. இப்போது ராஜாராமோடு ஊர்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள்.

"வேதக்காரர் மாடு நம்ம மண்ணுல எப்பிடிப் படுக்கும்?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

காசிமாயனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏய், மாட்டுக்கு யாருய்யா ஞானஸ்நானம் குடுத்தது? ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறது மொதலாளி. மாடு என்கூடல்ல மேயுது! நான் போன வாரந்தேன் அய்யனாருக்குப் பொங்க வச்சேன்."

கூட்டம் சிரித்தது. சத்தியநேசன் சிரிக்கவில்லை. இன்னும் ஓர் இரவுதான் பாக்கி. ஊற்று அவர் காலடியில் சலசலத்துக்கொண்டிருந்தது. மூன்றாவது காலையும் இப்படியே விடிந்தால், அந்தத் தண்ணீர் பருத்திக்குப் பாயும். அவருடைய முந்நூறு மாடுகள் சந்தையில் நிற்கும்.

மாடுகள் மேய்ச்சலுக்கு வெளியே போனதும் அவர் காரணத்தைத் தேடினார். யானை வாடையாக இருக்கும் என்றார் காசிமாயன். இருவரும் ஓடையோடு மேலே நடந்தார்கள். இருந்த யானை லத்தியெல்லாம் மழைக்காலத்தது, காய்ந்து உதிர்ந்தது. சிறுத்தைத் தடம் இல்லை. தொழுவுக்குள் பாம்புப் புற்று இல்லை. தரை சரிவாகவும் இல்லை, கல்லாகவும் இல்லை. அவரே தொழுவின் நடுவில் மல்லாந்து படுத்துப் பார்த்தார். நல்ல தரை. கொஞ்ச நேரம் விட்டிருந்தால் தூங்கியிருப்பார்.

"மண்ணுல ஒரு கொறையும் இல்லய்யா," என்று எழுந்து முதுகைத் தட்டினார். "கொறை நம்மகிட்டதான்."

மத்தியானம் புன்னை மரங்களின் நிழலில் மந்தை ஒதுங்கியது. வயிறு நிறைந்த மாடு படுத்து அசைபோடும் நேரம் அது. எண்பதில் ஒன்றுகூடப் படுக்கவில்லை. சத்தியநேசன் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, வேறெதையும் பார்க்காமல் அவற்றையே பார்த்தார்.

கறுத்த காரிப் பசு ஒன்று முன்னங்காலை மடக்கப் போனது. அப்போது பக்கத்தில் ஒரு கிடேரி ஈயை விரட்டத் தலையை உதறியது. கணீரென்று மணி அடித்தது. காரி மடக்கிய காலை நீட்டி நிமிர்ந்து, இரண்டு அடி முன்னால் வைத்தது. அதன் மணி அடித்தது. அதைக் கேட்டு அடுத்தது நகர்ந்தது. நிழலின் இந்த முனையில் தொடங்கிய சத்தம் அந்த முனை வரை போய், திரும்பி வந்தது. கொஞ்ச நேரம் அமைதி. காரி மறுபடியும் காலை மடக்கியது. எங்கோ ஒரு காது ஆடியது. மறுபடியும் மணி.

மலையில் மேயும் மந்தைக்கு ஒரு சட்டம் உண்டு. முன்னால் போகும் மாட்டின் கழுத்தில் மட்டும் தட்டை கிடக்கும். புதர்க்காட்டில் ஒன்றையொன்று பார்க்க முடியாத மாடுகள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நடக்கும். சத்தம் நகர்ந்தால் புறப்பாடு, நின்றால் ஓய்வு. கன்றாக இருந்தபோதே இதைப் படித்த மாடுகள் அவை. மயிலையின் தட்டை ஓய்ந்தபிறகுதான் அவை வருடக்கணக்காகப் படுத்துப் பழகியிருந்தன. இப்போது எண்பது கழுத்திலிருந்தும் சத்தம் வந்தது. யார் தலையை ஆட்டினாலும் புறப்படச் சொல்லும் உத்தரவு. இரண்டு இரவும் மந்தை அந்தப் படலுக்கு முன்னால் பயணத்துக்குத் தயாராக நின்றிருக்கிறது.

சத்தியநேசன் பாறையில் உட்கார்ந்தபடியே சத்தம் போட்டுச் சிரித்தார். காசிமாயன் பயந்து ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"நாந்தானே மொதலாளி ஒவ்வொண்ணா கட்டுனேன்! எங்கண்ணுக்கும் தெரியலையே."

"ஒன் கண்ணையும் எங்கண்ணையும் மணி மறைச்சிட்டு."

"சரி விடுங்க. மணி நாக்குல துணியச் சுத்திருவோம். வெரசா முடிச்சுருவேன். வெளிய பாத்தா மணி தொங்கும், உள்ள சத்தமிருக்காது. யாருக்குத் தெரியும்?"

அது நடக்கக்கூடிய யோசனைதான். சத்தியநேசன் அதை ஒரு கணம் யோசித்தும் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

"நாம வாங்கப்போறது ஒரு நாளைக்கு இல்லய்யா. இதுல முப்பது வருசம் மாடு அடைக்கணும். துணி சுத்துன விசயம் ஒரு நாள் அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சா, அதுக்கப்புறம் நான் சொல்லுத எதை நம்புவாவ?"

அன்னக்கொடி வயலில் கிணற்றுக்கு இடம் குறித்து முளை அடித்துக்கொண்டிருந்தார். ராஜாராம் கயிறு பிடித்திருந்தார். சத்தியநேசன் வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை. நடுத்தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டதையும் சொன்னார்.

"அறுநூறு மாட்ட மேய்க்கிற மனுசன்," என்று ராஜாராம் கயிற்றைக் கீழே போட்டார், "மாட்டுக்கு மணி கட்டத் தெரியலைங்கிறாரு. கேட்டுக்கங்க மதினி!"

"தெரியலதான் தம்பி. மணியக் கழட்ட உங்க சம்மதம் வேணும்."

"அதெப்பிடி? மொதநாள் வந்த மந்தைய அப்பிடியே அடைக்கணும், மாத்தக்கூடாதுங்கிறதுதேன் மொறை. மணியோட வந்த மாடு மணியோடதேன் இருக்கணும்."

அன்னக்கொடி முளைக்குச்சியைத் தரையில் ஊன்றி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னைய இந்த வீட்டுக்குக் கட்டிக் கொண்டாந்தப்ப, காதுல பாம்படம், கால்ல தண்டை, கழுத்து நெறைய காசுமாலை. ஊரு பாக்கணும்னு எங்கப்பு பூட்டிவிட்டாரு. ரெண்டு நாளா பொரண்டு படுக்க முடியல. எல்லாத்தையும் கழட்டி வச்ச பெறகுதேன் எனக்குக் கண்ணடஞ்சுச்சு. அதுக்காக, வந்த பொண்ணு வேற, தூங்குன பொண்ணு வேறன்னு ஒங்கண்ணன் என்னையத் திருப்பி அனுப்பிட்டாரா?"

வயலில் வேலையாக இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ராஜாராமுக்கே சிரிப்பில் உதடு கோணியது.

"கழட்டிக்கங்கண்ணே," என்று அன்னக்கொடி சத்தியநேசனிடம் திரும்பினார். "ஆனா ஒண்ணு. ஊரு பாக்கக் கட்டுனீக. ஊரு பாக்கக் கழட்டுங்க. ஒங்க கையாலயே."

சாயங்காலம் ராசிங்காபுரத்தில் பாதிப்பேர் தொழுவின் சுவரோரம் நின்றார்கள். சத்தியநேசன் சட்டையைக் கழற்றிக் காசிமாயனிடம் கொடுத்துவிட்டு மந்தைக்குள் இறங்கினார். காசிமாயன் போட்ட முடிச்சுகள் இறுகியிருந்தன. ஒவ்வொரு கழுத்தையும் அணைத்துப் பிடித்து, முடிச்சைப் பல்லால் நெம்பி அவிழ்த்தார்.

"மொதலாளி, அந்த மணிய எங்க வீட்டுப் பூனைக்குக் குடுங்க! பால் சட்டிக்குக் காவலாப் போகும்!" என்று ஒருவர் கத்தினார்.

"பூனைக்கு எதுக்கு? ஒம் மாமியாளுக்குக் கட்டு. வர்றப்ப முன்னாடியே தெரியும்!" என்றார் சத்தியநேசன் ஒரு காளையின் கழுத்துக்கு அடியிலிருந்து.

சிரிப்பு அடங்க நேரமானது. பாதி மாடுகளுக்கு மேல் முடிந்தபோது கேலி நின்றுபோய்விட்டது. மக்கள் அவர் மாட்டைத் தொடும் விதத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். முரட்டுக் காளை ஒன்று கொம்பைச் சாய்த்தது. அவர் ஒதுங்கவில்லை, தோளால் அதன் தாடையைத் தள்ளி, காதுக்குப் பின்னால் சொறிந்து, அது தலையைத் தாழ்த்தியதும் கயிற்றை உருவினார். இதே சுவரோரம் நின்று அவரைப் பணக்காரராகவே பார்த்திருந்தவர்கள் முதல்முறையாக அவரை மாட்டுக்காரராகப் பார்த்தார்கள். கடைசியாக மயிலையின் கழுத்தில் பழைய தட்டையைக் கட்டினார். அது தலையை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தது. டொக் என்றது. எழுபத்தொன்பது மாடுகளும் அதன் பக்கம் காதைத் திருப்பின.

"படலைக் கட்டு தாயி," என்றார் சத்தியநேசன். "இன்னைக்கும் நின்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். நாளைக்கே சந்தைக்கு ஓட்டிருவேன்."

விடிந்தபோது பனி முன்னிரண்டு நாட்களைவிடக் கனமாக இருந்தது. ஜெயபாக்கியமும் போடியிலிருந்து வந்து சுவரோரம் நின்றார். அன்னக்கொடி படலை அவிழ்த்தார். மாடுகள் பெரும்பாலும் எழுந்துவிட்டிருந்தன. ஒன்று முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தது. அதன் காலடியில் மண் உலர்ந்து, வெளிறி, ஒரு மாட்டின் உருவத்தில் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. நனைந்த தரையில் திட்டுத்திட்டாகத் தொழு முழுவதும் மந்தை படுத்த அடையாளம். அன்னக்கொடி குனிந்து ஓர் உலர்ந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"சூடு இன்னும் போகலை," என்றார்.

ராஜாராம் கடைசியாக ஒன்றைச் சொல்லிப் பார்த்தார். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. "ரெண்டு ராத்திரி தூங்காத மாடு மதினி. அலுப்புல படுத்திருக்கு. அலுத்த மாடு சுடுகாட்டுலகூடப் படுக்கும். இதைப் போயி சம்மதம்னு எப்பிடிச் சொல்றது?"

"நம்ம ஆளுக மட்டும் இங்கயே மொளைச்சாகளா?" என்றார் அன்னக்கொடி. "வடக்க எங்கிட்டோ இருந்து பிள்ளை குட்டிய தூக்கிக்கிட்டு நடந்து நடந்து, அலுத்துப்போயி ஒரு எடத்துல படுத்தாக. எந்திரிச்சுப் பாத்து, இதுதேன் நம்ம ஊருன்னாக. அலுப்புல படுத்தாலும் படுத்ததுதேன் ராஜாராமு. கெணத்துச் சோலி கெடக்கு. கயித்த எடுத்துக்கிட்டு வா." பிறகு சத்தியநேசனைப் பார்த்தார். "பத்திரத்துக்கு நாள் பாருங்கண்ணே."

ராஜாராம் தலையை ஆட்டிக்கொண்டே மதினியின் பின்னால் போனார். காசிமாயன் சுவரைத் தாண்டி உள்ளே குதித்து, எழுந்த மாடுகளை ஊற்றுக்கு ஓட்ட ஆரம்பித்தார். மயிலை முன்னால் போனது. டொக், டொக்கென்று சத்தம் சரிவில் இறங்க, மந்தை அவசரமில்லாமல் அதன் பின்னால் போனது.

"போதுமா?" என்றார் ஜெயபாக்கியம் கணவரிடம். "வாங்க, நாமளும் தண்ணியப் பாப்போம்."

இருவரும் தொழுவின் குறுக்கே நடந்தார்கள். ஊற்றுக்குப் போகும் வழியை மறித்துக்கொண்டு அந்தக் காரிப் பசு இன்னும் படுத்திருந்தது. கண்ணை மூடி அசைபோட்டது. தலைக்குமேல் இரண்டு பேர் வந்து நின்றது அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு காதை மட்டும் லேசாகத் திருப்பியது. சத்தியநேசன் ஒரு அதட்டுப் போட்டால் அறுநூறு மாடும் எழுந்து நிற்கும். ஜெயபாக்கியம் அவரைப் பார்த்தார்.

அவர் வேட்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, பசுவைச் சுற்றிக்கொண்டு, ஊற்றை நோக்கி இறங்கினார்.